பிரைமர் ஒட்டாத இடங்கள்

அக்டோபர் 6, திங்கள்

விமானத்துக்கென்று தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தத் தகடு, எந்த நாள், யார் செய்தது, யார் சோதித்தது என்று நான்கு கட்டம். அதை அரசாங்க ஆட்கள் புரட்டிப் பார்ப்பார்கள். அதில் எழுத முடியாததை எழுதுவதற்கு இந்த நோட்டு. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கப்பல்களின் பெயின்ட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட காலத்திலும் எனக்கு இரண்டு நோட்டு உண்டு. ஒன்று கம்பெனிக்கு, இன்னொன்று மனிதர்களைப் பற்றி. இரண்டாவதுதான் எப்போதும் உதவியது.

விஷயம் இதுதான். என் மகள் எழில் பயணிகள் விமானத்தில் துணை விமானி. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைப் பாகம் பாகமாக வெளிநாட்டிலிருந்து தருவித்திருக்கிறாள். அலுமினியத் தகடு, உள்ளே வைக்கும் விலாச் சட்டம், பத்தாயிரத்துச் சொச்சம் ரிவெட் ஆணி, எல்லாம் மரப்பெட்டிகளில் வந்து இறங்கியாயிற்று. கோத்து முடித்ததும் முதல்முதலாக அதை மேலே கொண்டுபோகப்போகிறவள் அவள்தான். கோக்கப்போகிறவர்கள் நானும், ஒரு காலத்தில் கப்பல் பெயின்டராக இருந்த கஸ்பாரும்.

வேலை நடக்கும் இடம் உப்பளத்துப் பாதையில் கஸ்பாருக்குச் சொந்தமான பழைய உப்புக் கிட்டங்கி. தூத்துக்குடியில் இத்தனை நீளத்துக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. மூன்று நாள் கழுவினோம். பிறகும் சுவரை நக்கிப் பார்த்தேன், கரித்தது. இங்கேதான் அலுமினியம் தூங்கப்போகிறது.

அதனால் உப்பு அரிக்காமலிருக்கத் தகடுகளின் உள்பக்கம் முழுக்கப் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தே ஆகவேண்டும் என்றேன். கஸ்பார் பாகங்களோடு வந்த புத்தகத்தைக் காட்டினார்.

"உள்பக்கம் அடிக்கது அவங்கவங்க இஷ்டம்னு போட்டிருக்கான் அண்ணாச்சி."

"புத்தகம் எழுதுனவன் உப்பளத்துப் பக்கமா குடியிருக்கான்? ரிவெட் அடிச்சு மூடிட்டா உள்ள யாருவே எட்டிப் பாக்க முடியும்?"

"அதுவும் சரிதான். அடிச்சிருவோம்" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. இவரை எனக்குப் புதிதாகத் தெரியாது. தொண்ணூற்றெட்டில் ஒரு கப்பலின் தண்ணீர்த் தொட்டியில் ஈரத்தின் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவர் இவர். அதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவன் நான். எழிலுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு இவர் "கஸ்பார் மாமா".

அக்டோபர் 9, வியாழன்

முறை இது. தகட்டைப் பச்சை நாரால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, மேலே தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீர் ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எங்கேயோ எண்ணெய் இருக்கிறது. பிறகு எண்ணெய்ப் பசையைப் போக்க அசிட்டோன் துடைப்பு. காய்ந்ததும் இரண்டு டின்னைக் கலந்து பச்சைப் பிரைமரைத் தெளிக்கவேண்டும்.

கஸ்பார் காலையில் வால் பகுதித் தகடுகளைத் தேய்த்துக் கழுவினார். ஸ்ப்ரே அவர் கையில், சோதனை என் கையில் என்று பேச்சு. தண்ணீர் ஊற்றிக் காட்டிவிட்டு அசிட்டோனும் போட்டுத் துடைத்து முடித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் விடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார், இரண்டுக்கு வருவார். நான் என் மனைவி ராஜகனி கட்டிக் கொடுத்த சோற்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வலது கட்டைவிரல் மூட்டுக்கு வழக்கம்போல் மஞ்சள் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். சுத்தியலால் துருத் தட்டித் தட்டி முப்பது வருடத்தில் வீங்கிய மூட்டு, மத்தியானம் தைலம் இல்லாவிட்டால் மடங்காது. பிறகு ஆள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு தகட்டிலும் அங்கங்கே கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்தேன். தூசு இருந்தால் விரல் சொல்லும். துறைமுகத்தில் என் விரலுக்குப் பயப்படாத கான்ட்ராக்டர் கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் உலோகம் எனக்கு எதையும் சொல்வதில்லை.

தூசு இல்லை. இரண்டரைக்கு அடித்தார். நான் தொட்டது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அக்டோபர் 11, சனி

பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செலோடேப் ஒட்டி, வெடுக்கென்று இழுக்கும் சோதனை. தகட்டுக்கு ஒரு மூலையில் செய்தேன். பச்சை ஒரு துளிகூட வரவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வால் மூடியாயிற்று. நானூறு ரிவெட்டுக்கு மேல் இருக்கும். கஸ்பார் அடிக்க, நான் உள்ளே இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்தேன். சாயங்காலம் இருவரும் அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. படம் எடுத்து எழிலுக்கு அனுப்பினேன். பத்து இதயம் அனுப்பினாள், அதில் பாதி "மாமாவுக்கு" என்று எழுதியிருந்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வேலை இல்லை. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது ராஜகனி பிடித்துக்கொண்டாள்.

"பேப்பரப் பாருங்க. நீங்க தொட்ட இடமெல்லாம் எண்ண இறங்கி இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் தெரியுது. அந்தத் தைலக் கையோட முறுக்குச் சட்டியத் தொட்டுராதீங்க."

நாளைக்கு ஒரு தடவையாவது என்னைத் திட்டாவிட்டால் அவளுக்குத் தின்றது செரிக்காது.

அக்டோபர் 29, புதன்

இறக்கைத் தகடுகள் ஆரம்பித்து ஒரு வாரம் ஆயிற்று, என் மத்தியானச் சோதனையையும் நான் விடவில்லை. இன்று இரண்டு விஷயம், இரண்டும் சரியில்லை.

ஒன்று. என் மேசைமேல் ஒரு பெட்டி கையுறை. வெள்ளை ரப்பர், நூறு எண்ணம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் சோதனை பார்த்தவனுக்குக் கையுறை வாங்கி வைக்கிறார், என்ன நக்கல்.

இரண்டு. தகடு காய்கிற ஸ்டாண்டில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: "காயுது. யாரும் தொடக் கூடாது." கிட்டங்கியில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் எழுதியவர். தொட்டால் என்ன தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்?

சாயங்காலம் கிளம்பும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டார்: "அண்ணாச்சி, வால் தகடு கழுவி வச்ச அன்னைக்கு அதுல எங்கயாவது கை வச்சீயளா?"

"நான் எதுக்குவே கை வைக்கேன்? கழுவுனது நீரு, அடிச்சது நீரு" என்றேன்.

"அப்பம் சரி" என்று சைக்கிளை எடுத்தார். தன் தப்பை என் தலையில் கட்டுவதற்கு இப்போதே இடம் பார்க்கிறார். எனக்கா தெரியாது?

நவம்பர் 4, செவ்வாய்

பிரைமர் டின்னில் குச்சி விட்டு அளந்து, அந்த உயரத்துக்கு வெளியே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. ஞாயிறும் திங்களும் மழை, நாங்கள் எதுவும் அடிக்கவில்லை. அசிட்டோனும் குறைந்திருக்கிறது.

மீன்பிடிப் படகுக்காரர்களுக்கு இந்தப் பிரைமர் கிடைத்தால் விடமாட்டார்கள். கஸ்பாரின் சொந்தக்காரர்கள் பாதிப்பேருக்குப் படகு உண்டு. நான் எதுவும் சொல்லவில்லை, எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

மறுபடியும் கோடு போட்டேன், இந்தத் தடவை டின்னின் பின்பக்கம், திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

நவம்பர் 12, புதன்

வெயில் சாய்வாக விழும்போது தகட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இடது இறக்கைத் தகட்டில் மூன்று இடத்தில் பச்சைக்கு மேல் பச்சை. வட்டமாக, எலுமிச்சம்பழ அளவில், பின்னால் அடித்த ஒட்டு.

"இது என்ன கஸ்பார்?"

"ஸ்ப்ரே கன் துப்பிட்டு அண்ணாச்சி. தேச்சுட்டுத் திரும்ப அடிச்சேன்."

"எப்பம்?"

"காலைல. நீங்க வாரதுக்கு முன்ன."

நான் வருவதற்கு முன்பு என்ன வேலை? நல்ல வேலை என்றால் நான் இருக்கும்போது செய்யலாமே. செலோடேப் போட்டு இழுத்தேன், பிடித்துத்தான் நிற்கிறது. அது வேறு எரிச்சல். திருடனாவது ஒழுங்காக மாட்டவேண்டாமா?

நவம்பர் 14, வெள்ளி

எழில் போன் செய்தாள். சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"கஸ்பார் மாமாவயா சொல்லுதீங்க? அப்பா, உங்களுக்கு யாரத்தான் பிடிக்கும்?"

"பிடிக்கதப் பத்திப் பேச்சு இல்ல. நீ அதுல ஏறப் போற. இறக்கைக்கு உள்ள என்ன இருக்குன்னு நான் சொன்னாத்தான் உனக்குத் தெரியும்."

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றாள். "ஜனவரி பத்தாம் தேதி வாரேன். ஒரு மாசம் லீவு."

நான் இருக்கிறேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

கையும் களவுமாகப் பிடித்தேன்.

ஆறு மணிக்கே போனேன். கதவு திறந்திருந்தது. கஸ்பார் குத்தவைத்துக்கொண்டு, நேற்று மத்தியானம் அடித்த தகட்டிலிருந்து பிரைமரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்று இடத்தில் வெறும் அலுமினியம் மினுங்கியது. என் மகள் ஏறப்போகும் இறக்கையின் உள்பக்கம்.

நான் கத்தியது உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும். தொண்ணூற்றெட்டையும் இழுத்தேன். அந்தத் தொட்டியில் செய்ததைத்தானே இங்கேயும் செய்கிறீர், பிரைமரை எந்தப் படகுக்கு ஊற்றினீர், என் பிள்ளை செத்தால் உமக்கு என்ன என்று எல்லாம் கேட்டேன். எழுதும்போது கொஞ்சம் அதிகம்தான் என்று தெரிகிறது. ஆனால் கேட்டேன்.

கஸ்பார் எழுந்து கையைத் துடைத்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் கையுறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் சொன்னா நீங்க நம்பமாட்டீய அண்ணாச்சி. நீங்களே அடிச்சு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கிட்டங்கியிலிருந்து அவரே வெளியே போனார். நான் தடுக்கவில்லை.

நவம்பர் 22, சனி

மழை. புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினேன். இரண்டு சாவியும் என்னிடம்.

நவம்பர் 26, புதன்

தனி ஆளாக மூன்று தகடு. தேய்த்தது நான், கழுவியது நான். தண்ணீர் ஊற்றினேன், கண்ணாடிபோல் படலமாக இறங்கியது. அசிட்டோன் போட்டுத் துடைத்தேன். சாப்பிட்டேன். விரல் இன்று மோசமாக வலித்தது, தைலம் இரண்டு தடவை போடவேண்டியிருந்தது. கடைசியாக ஒருமுறை எல்லாத் தகட்டையும் தொட்டுச் சரிபார்த்துவிட்டு அடித்தேன். ஸ்ப்ரே கன் பிடிப்பது ஒன்றும் மந்திரவித்தை இல்லை. இனி இந்த இறக்கையில் கள்ளவேலை நடக்காது.

நவம்பர் 28, வெள்ளி

செலோடேப் சோதனை. மூலையில் சரியாக இருந்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் வெயில் சாய்ந்திருந்தது, நடுவில் ஓரிடத்தில் பச்சை லேசாகச் சுருங்கித் தெரிந்தது. அங்கே டேப் போட்டு இழுத்தேன். வட்டமாகக் கழன்று வந்துவிட்டது. தேடிப் பார்த்ததில் ஒரு தகட்டில் மூன்று, இன்னொன்றில் நான்கு, மூன்றாவதில் இரண்டு.

எலுமிச்சை அளவுகூட இல்லை. அதைவிடச் சிறியது.

டின் பழையதாக இருக்கலாம். மழை ஈரமாக இருக்கலாம். அல்லது அவரிடம் மூன்றாவது சாவி ஒன்று இருக்கலாம்.

நவம்பர் 29, சனி

தகடுகளைச் சுரண்டி மறுபடியும் முதலிலிருந்து. கிளம்பும்போது கதவுக்கு உள்பக்கம் வாசல் அகலத்துக்குக் கோலப்பொடி தூவிவிட்டு வந்தேன். யார் நுழைந்தாலும் தடம் விழும். கோலப்பொடி டப்பா எங்கே என்று ராஜகனி தேடிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

கோலப்பொடியில் தடம் இருந்தது. என் செருப்புத் தடம். வேறு இல்லை.

தகட்டில் வட்டமும் இருந்தது.

டிசம்பர் 3, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

மார்க்கெட்டுக்குப் போனேன். சீலா மீன் நன்றாக இருந்தது. கிட்டங்கிக்குப் போகவில்லை. பேப்பரை மேசையில் விரித்து வைத்து, தொடாமல் வாசித்தேன்.

"உடம்புக்கு முடியலயா?" என்று ராஜகனி கேட்டாள்.

டிசம்பர் 6, சனி

கழன்று வந்த வட்டத்தின்மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். எழுதிவிட்டேன். இனி இந்த வரியைக் கோடு போட்டு அழிக்கமாட்டேன்.

சரியாகப் பொருந்தியது. விளிம்புகூட மிச்சமில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனேன், தைலம் மணத்தது. இத்தனை நாளாக என் மூக்குக்கு அது வாசனையாகவே படவில்லை. கஸ்பாருக்குப் பட்டிருக்கும். அதனால்தான் கையுறை, அதனால்தான் சாக்பீஸ் எழுத்து. நான் வருவதற்கு முன்பு அவர் அழித்துக்கொண்டிருந்தது என் விரல் தடத்தை. பிரைமரும் அசிட்டோனும் போன இடம் அதுதான். படகும் இல்லை, கிடகும் இல்லை.

நம்பாமல் தொட்டேன். தொட்ட இடமெல்லாம் கெட்டது. இதைவிட வெட்கக்கேடு ஒரு சோதனைக்காரனுக்கு இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். அக்டோபர் ஒன்பதில் நிறுத்திவிட்டேன். வால். அதிலும் ஒவ்வொரு தகட்டிலும் தொட்டிருக்கிறேன், அதை நானே எழுதியும் வைத்திருக்கிறேன். டேப் ஒட்டியது மூலையில் மட்டும். கஸ்பார் கவனித்தது அதற்குப் பிறகுதான், கையுறை வந்த தேதி சொல்கிறது. வாலைப் பற்றி என்னிடம் கேட்டார். நான் தொடவில்லை என்றேன்.

மூடி ஏழு வாரம் ஆகிவிட்டது. உப்புக் கிட்டங்கியில்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிசம்பர் 10, புதன்

எழில் போன். வால் படத்தைக் கூட வேலைபார்க்கும் பெண்களிடம் காட்டினாளாம். "வால் நல்லா இருந்தா பாதிப் பயம் போச்சுப்பா. நாங்க முதல்ல பாக்கது அதத்தான்" என்றாள்.

சரிம்மா என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்னச் சின்ன இடம்தான். அரிப்பு வந்தாலும் தகடு ஓட்டையாகப் பல வருடம் ஆகும். புத்தகக்காரனே உள்பக்கம் அடிப்பது இஷ்டம் என்றுதானே எழுதியிருக்கிறான். ரிவெட்டை எடுத்தால் துளை பெரிதாகிக் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்றுகூட வாதாடலாம்.

இதே வாதத்தை வேறொருவன் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அவனைக் கப்பலை விட்டே இறக்கியிருப்பேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து கஸ்பார் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துவிட்டார். உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் யாரும் மரியாதை குறைக்கவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது.

"கஸ்பார், அது என் விரல்தான்" என்றேன்.

"தெரியும்."

"நீரு ஏன் சொல்லல?"

"எழில் பாப்பா பெட்டி வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. ரிட்டயர் ஆனதுலேருந்து அப்பா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்காரு, ஒரு ஆணினாலும் அவரு கை படாமப் போகக் கூடாது மாமான்னு. உங்க கைதான் கெடுக்குன்னு எப்படிச் சொல்ல? கையுறய வச்சுப் பாத்தேன். எழுதிப் பாத்தேன். சரி, நாமளே அழிச்சு அடிச்சிருவோம்னு விட்டேன். சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

விமானம் எழிலுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு இன்னும் முடியவில்லை.

பிறகு வாலைச் சொன்னேன். கஸ்பார் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அன்னைக்குக் கேட்டேனே! கை வச்சீயளான்னு மொகத்தப் பாத்துக் கேட்டேனே அண்ணாச்சி!"

"தொட்டேன்னு சொன்னா, உமக்குத் தெரியாம சோதிச்சேன்னு ஆயிரும்லா?"

"ஆனா என்ன? சந்தேகப்பட்டேன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான! அந்தப் புள்ள அதுலல்லா ஏறப் போகுது!" நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தொண்ணூத்தெட்டுல ஈரத்து மேல அடிச்சவன் நான்தான். அடிக்கச் சொன்னது மேஸ்திரி. கல்யாணம் ஆயி ஆறு மாசம், வேலை போயிரும்னு பயந்து அடிச்சேன். நீங்க எழுதிக் குடுத்தீய, வேலை போச்சு. நீங்க செஞ்சது சரின்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா அதுக்கப்புறம் நான் ஒரு தகட்டுலயும் பொய் அடிச்சது கெடயாது. நீங்கதான் அடிச்சிருக்கீய."

புதுப் பூட்டின் ஒரு சாவியை அங்கே வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் கொடுத்த காபி அப்படியே ஆறிப் போயிருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒற்றை ஆளாக வாலின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்க ஆரம்பித்தேன். முப்பது எடுப்பதற்குள் விரல் மடங்கவில்லை. தைலம் போடவில்லை. வலி வலிதான், இருக்கட்டும்.

டிசம்பர் 17, புதன்

பத்து மணிக்குக் கஸ்பார் வந்தார். என் கையிலிருந்து டிரில்லை வாங்கினார். நான் தள்ளி உட்கார்ந்து, எடுத்த ரிவெட்டுகளைப் பொறுக்கினேன்.

டிசம்பர் 19, வெள்ளி

திறந்தோம்.

பச்சைக்கு நடுவில் வட்ட வட்டமாக வெள்ளை பூத்திருந்தது. சாம்பல்போல் தூள். மேல்தகட்டில் ஆறு, கீழ்த்தகட்டில் நான்கு, ஓரத்தகட்டில் ஒன்று. அந்த ஓரத்தகட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோது வெள்ளைக்குள் ரேகை தெரிந்தது. சுழி, அதைச் சுற்றிக் கோடுகள், நடுவில் நான் சின்ன வயதில் அரிவாளில் வெட்டிக்கொண்ட தழும்பு. எல்லாம் அச்சாக விழுந்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டவன் இங்கே கைநாட்டு வைத்திருக்கிறேன்.

கஸ்பார் நகத்தால் தூளைச் சுரண்டினார். அடியில் ஊசிமுனை அளவு குழிகள்.

"ரெண்டத் தேச்சு எடுத்துரலாம். இது ஆவாது. புதுசு வரவழைக்கணும்" என்றார். இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

எழிலுக்கு நானே போன் செய்து சொன்னேன். முழுவதும் சொன்னேன், தொடவில்லை என்று சொன்னது உட்பட. ரேகை விழுந்த தகடு எது என்று கேட்டாள். பிறகு, "அந்தத் தகட்டத் தூக்கிப் போட்டுராதீங்க, எனக்கு வேணும்" என்றாள். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

போன வருடம் கஸ்பார் வீட்டிலிருந்து கேக் வந்தது. இந்த வருடம் வரவில்லை. ராஜகனி வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள், நான் நான்கு தடவை.

ஜனவரி 11, ஞாயிறு

எழில் வந்துவிட்டாள். நேராகக் கிட்டங்கிக்குத்தான் போனாள். அந்தத் தகட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் விரல் தடத்துக்குப் பக்கத்தில் அவள் விரலை வைத்தாள், படாமல்.

"பறக்க இன்னும் ஆறு மாசம் ஆகும்" என்றேன். "என்னாலதான்."

"ஆகட்டும்." பிறகு சொன்னாள்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லப்பா?"

"தெரிஞ்சிருக்காது."

"நாலு நாள் யோசிச்சீங்களா?"

"கஸ்பார்ட்ட சொல்லவே ஏழு நாளாச்சு."

அவள் அழுதாள். கோபமா வேறா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானும் அழுதேன். தகட்டில் அந்தத் தடம் உள்ள துண்டை வெட்டி, பறக்கும்போது அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒட்டிவைக்கப்போவதாகச் சொன்னாள். கஸ்பார் வெளியே நின்று உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 12, திங்கள்

இன்று தேய்த்து எடுத்த இரண்டு வால் தகடுகளுக்கு மறுபடியும் பிரைமர். மூன்று பேரும் போனோம். பதிவேட்டில் "யார் சோதித்தது" என்ற கட்டத்துக்கு நேரே கஸ்பார் பெயரை எழுதிவிட்டு உள்ளே கிளம்பினேன். வாசலிலேயே கஸ்பார் கையை நீட்டி மறித்தார். ஒரு கையில் அசிட்டோன் நனைத்த துணி, இன்னொரு கையில் கையுறைப் பெட்டி.

"கையக் காட்டுங்க."

"காலைல சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்வே."

"காட்டுங்க."

"தைலம் தொட்டு நாலு வாரமாச்சு. என்னய நம்பலயா?"

கஸ்பார் என் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. துறைமுகத்தில் கான்ட்ராக்டர்களை நான் பார்த்த பார்வை.

"இல்ல அண்ணாச்சி" என்றார். "புள்ள ஏறப் போகுது."

முப்பத்திரண்டு வருடத்தில் என் கையை ஒருவரும் சோதித்ததில்லை. இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு விரலாகத் தூக்கி மோந்து பார்த்தார், கட்டைவிரலை மட்டும் இரண்டு தடவை துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை நான் கையை இழுக்கவில்லை.